அளவறிந்து ஊட்டல்

பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதை யாவரும் அறிவர். ஆயினும், எரிவது பெட்ரோலாகிய நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகின்றது. அவ்வாவியும் தனித்து எரிவதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு தக்க அளவில் கலந்திருக்கும்போதே அது தீப்பற்றும். ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுவதும் எரிந்து தீர்வதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். ஒரு கிலோகிராம் பெட்ரோலை ஒன்றரை லிட்டர் புட்டி ஒன்றில் அடைத்துவிடலாம். அதற்கு வேண்டிய காற்றோ, நீளமும் அகலமும் இரண்டு மீட்டராகவும் உயரம் மூன்று மீட்டராகவும் உள்ள ஓர் அறையை நிரப்பும். மோட்டார் எஞ்சினைப் பெட்ரோல் குடிக்கும் பொறி என்று கூறுகிறோம். உண்மையில் அது சிறிதளவு பெட்ரோலையும் பேரளவு காற்றையும் உட்கொள்ளும் பொறியாகும்.

இவ்விரண்டின் அளவும் சிறிது பிறழ்ந்தாலும் எஞ்சினின் இயக்கம் கெடும். பெட்ரோல் மிகுந்தால் அஃது எரியாமல் எஞ்சிக் கரும்புகையாக வெளிப்படும். தீப்பொறி தரும் பிளக்கில் கரி படியும். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் தடுமாறும். கடுஞ்சுமையில் வெப்பம் மிகுந்து உலோகப் பகுதிகள் உருகிக் கெடுதலும் உண்டு. இயங்கும் நிலைக்கு ஏற்ப அளவும் வேறுபடும். பந்தய வண்டி தன் முழு ஆற்றலையும் வெளிப்படுத்த வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்று பங்கு காற்றே ஏற்றது. சமமான சாலையில் சிக்கனமாகச் செல்வதற்கு அதனினும் மிகுதியான காற்று வேண்டும். எனவே, எஞ்சினுக்கு உணவூட்டுவோர் அதன் பசியை நொடிக்கு நொடி அறிந்து ஊட்டவேண்டியவராகின்றனர்.

அப்பணி எத்துணை விரைவில் நிகழவேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றின் சுழல்தண்டு நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அப்போது அதன் ஒவ்வோர் உருளையும் நொடிக்கு ஐம்பது முறை மூச்சை உள்ளிழுக்கின்றது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் ஏறக்குறைய இருநூற்றில் ஒரு பங்கே. அச்சிறு கால அளவிற்குள் பெட்ரோல் அளக்கப்பட்டு, துளியாகச் சிதறி, காற்றோடு கலக்கவேண்டும். இப்பணியைச் செய்வதற்கு மனிதன் இரு வழிகளைக் கண்டான். ஒன்று கார்புரேட்டர், மற்றொன்று பெட்ரோலை உட்பீச்சும் முறை. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா, விரைவு வண்டிகளை விரும்புவோரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அதற்கு விடை காண, இரண்டின் இயல்பையும் வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தம் மோட்டார் வண்டியை உலகிற்கு அளித்தபோது, அதில் இருந்த ஊட்டுங்கருவி மிக எளியது. ஒரு கலத்தில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பைத் தடவிக்கொண்டு காற்று செல்லும். செல்லும்போது ஆவியையும் உடன் கொண்டு போகும். இதில் அளவு என்பது பெரும்பாலும் தற்செயலே. வெயில் மிகுந்தால் ஆவி மிகும்; குளிர் மிகுந்தால் ஆவி குறையும். 1893ஆம் ஆண்டில் இக்குறை நீங்கலாயிற்று. ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா என்னும் இருவரும், ஜெர்மானியராகிய வில்ஹெல்ம் மைபாஹும், ஒரே ஆண்டில், பெட்ரோலை நுண்துளை வழியாகத் தெளிக்கும் கருவியை அமைத்தனர். பின்னர் வந்த கார்புரேட்டர்கள் யாவும் அக்கருவியின் வழித்தோன்றல்களே.

கார்புரேட்டர் இயங்கும் விதம் வியக்கத்தக்கது. அகன்று ஓடும் ஆறு இரு பாறைகளுக்கிடையே ஒடுங்கும்போது அதன் விரைவு மிகுவதைக் கண்டிருக்கிறோம். குழாயில் ஓடும் காற்றும் அத்தகையதே. ஒடுங்கிய இடத்தில் அதன் விரைவு மிகும். விரைவு மிகும் இடத்தில் அதன் அழுத்தம் குறையும். இவ்வுண்மையை டானியல் பெர்னூலி என்னும் அறிஞர் 1738ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இத்தாலியராகிய வெஞ்சுரி இதனைக் குறித்து ஆய்வுகள் செய்தமையால், இடை ஒடுங்கிய குழல் அவர் பெயரால் வெஞ்சுரிக் குழல் எனப்படுகிறது. கார்புரேட்டரின் உள்ளே இருப்பது இக்குழலே. அதன் ஒடுங்கிய இடையில் ஒரு நுண்துளைக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அருகில் ஒரு சிறிய பெட்ரோல் அறை உண்டு. அவ்வறையில் ஒரு மிதவை மிதந்து, பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்குமாறு காத்துக்கொள்ளும். எஞ்சின் மூச்சை இழுத்ததும் காற்று வெஞ்சுரியின் இடையில் விரைகின்றது. அங்கு அழுத்தம் குறைகின்றது. அறையிலுள்ள பெட்ரோல் தானே மேலெழுந்து நுண்துளிகளாகத் தெறிக்கின்றது. பயிருக்கு மருந்து தெளிக்கும் சிறு கைக்கருவியில் நாம் காண்பதும் இத்தத்துவமே.

இங்குப் பெட்ரோலை இறைக்குமாறு ஏவுவோர் ஒருவரும் இல்லை. காற்றே அளவுகோல், காற்றே பணியாள். காற்று மிகுதியாகச் சென்றால் பெட்ரோல் மிகுதியாக வரும்; காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். பித்தளைத் துண்டில் இடப்பட்ட ஒரு துளையின் அகலமே கலவையின் அளவை முடிவு செய்கின்றது. அளவு பொருந்தவில்லையெனில், மெக்கானிக் அத்துண்டைக் கழற்றிவிட்டு வேறு துளையுடைய துண்டைப் பொருத்துவார். ஒரு திருப்புளியும், எஞ்சினின் ஒலியைக் கேட்டறியும் செவியும் அவருக்குப் போதும். விலை குறைவு, அமைப்பு எளிமை, பழுது பார்த்தல் எளிது என்னும் இம்மூன்றும் கார்புரேட்டரை நூறாண்டுக் காலம் வாழ வைத்தன.

எனினும், காற்றின் போக்கையே நம்பி வாழ்வதில் சில இடர்கள் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஆகவே கலவையைச் செறிவாக்குவதற்குச் சோக் என்னும் தனியமைப்பு வேண்டும். ஆக்ஸிலரேட்டர் மிதியைத் திடீரென அழுத்தினால், இலேசான காற்று உடனே பாயும். கனமான பெட்ரோல் சற்றுப் பின்தங்கும். அக்குறையை நிரப்ப ஒரு சிறு பம்பு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, வெஞ்சுரியின் அகலம் பற்றிய சிக்கல் ஒன்று உண்டு. குழல் மிக ஒடுங்கியதானால் மெதுவாகச் செல்லும்போது கலவை நன்றாக அமையும். ஆனால் பெருவிரைவில் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். குழல் அகன்றதானால் பெருவிரைவில் ஆற்றல் கிட்டும். மெதுவாகச் செல்லும்போது காற்றின் விரைவு போதாமல் பெட்ரோல் எழாது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டும்.

பந்தய வண்டிகளை அமைத்தோர் இதற்கு ஒரு வழி கண்டனர். பல உருளைகளுக்கு ஒரு குழல் என்பதை மாற்றி, உருளைக்கு ஒரு குழல் என வைத்தனர். இத்தாலியின் பொலோன்யா நகரில் எடுவர்தோ வெபர் என்பவர் நிறுவிய தொழிற்சாலையின் கார்புரேட்டர்கள் இத்துறையில் பெரும்புகழ் பெற்றன. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்னும் வண்டியின் எஞ்சினில் பன்னிரண்டு உருளைகள்; அவற்றுக்கு இரட்டைக் குழல் வெபர் கார்புரேட்டர்கள் ஆறு. மூன்று லிட்டர் கொள்ளளவே உடைய அவ்வெஞ்சின் ஏறத்தாழ 300 குதிரைத்திறன் ஆற்றலைத் தந்தது. ஆனால் ஆறு கார்புரேட்டர்களையும் ஒருமித்து இயங்குமாறு இசைவித்தல் எளிய செயல் அன்று. பல நரம்புகளையுடைய யாழுக்குச் சுருதி கூட்டுவதை ஒத்த பொறுமை அதற்கு வேண்டியிருந்தது.

மிதவை அறையிலும் ஓர் இடர் ஒளிந்திருந்தது. அறையிலுள்ள பெட்ரோல் அடியில் தங்கியிருந்தால்தான் கார்புரேட்டர் இயங்கும். வண்டி கூர்மையான வளைவில் விரைந்து திரும்பும்போது பெட்ரோல் ஒரு புறமாக ஒதுங்கும். அப்போது எஞ்சின் தடுமாறக்கூடும். தரையில் ஓடும் வண்டியில் இது பந்தயத்தைத் தோற்கச் செய்யும் குறை. வானில் பறக்கும் விமானத்திலோ, இஃது உயிரைப் போக்கும் குறையாயிற்று. இரண்டாம் உலகப்போர் இதனை உலகிற்கு உணர்த்தியது.

1940ஆம் ஆண்டில் பிரிட்டனின் வான்வெளியில் பெரும்போர் நிகழ்ந்தது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் மெர்லின் எஞ்சின் இருந்தது. அதற்குப் பெட்ரோலை ஊட்டியது மிதவையுடைய கார்புரேட்டர். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் டைம்லர் பென்ஸ் எஞ்சினில் பாஷ் நிறுவனத்தின் பம்பு பெட்ரோலை உருளைகளுக்குள் நேராகப் பீச்சியது. ஜெர்மானிய விமானி தம்மைத் துரத்தும் பகைவரிடமிருந்து தப்ப விரும்பினால், விமானத்தின் மூக்கைத் திடீரெனக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பாய்வார். பிரிட்டிஷ் விமானியும் அவ்வாறே பாய முயன்றால், மிதவை அறையிலிருந்த பெட்ரோல் மேல் நோக்கி எறியப்படும். முதலில் எஞ்சினுக்குப் பெட்ரோல் கிட்டாமற்போகும். அடுத்த கணமே மிதவை நிலைமாறி வாயிலை முழுவதும் திறந்துவிட, பெட்ரோல் வெள்ளமெனப் பெருகி எஞ்சினைத் திணறடிக்கும். கரும்புகை கக்கி எஞ்சின் ஓய்ந்த அச்சில நொடிகளில் பகைவர் தப்பிச் சென்றுவிடுவார். அல்லது திரும்பி வந்து தாக்குவார். இதனைத் தவிர்ப்பதற்காகப் பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தைப் பாதி புரட்டி, அதன் பின்னரே கீழே பாய்ந்தனர். அதற்குள் காலம் கடந்துவிடும்.

இவ்விடரைத் தணித்தவர் ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியல் அறிஞர். அவர் போருக்கு முன்னர் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மோட்டார் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட விரைவில் சுற்றி வந்து பரிசு பெற்றவர். எஞ்சின் தன் முழு ஆற்றலோடு இயங்கும்போது எவ்வளவு பெட்ரோல் தேவையோ, அவ்வளவு மட்டுமே செல்லக்கூடிய துளையுடைய சிறிய உலோகத் துண்டு ஒன்றை அவர் அமைத்தார். அதைப் பெட்ரோல் குழாயில் பொருத்தியதும் வெள்ளப் பெருக்கு நின்றது. விமானத்தைப் போர்ப்பணியினின்று விலக்காமலே அதனைப் பொருத்த முடிந்தது. 1941ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற்குள் போர் விமானப் படையில் அது பரவலாகப் பொருத்தப்பட்டது. முழுமையான தீர்வாக அஃது அமையவில்லை. தலைகீழாக நெடுநேரம் பறத்தற்கு அதனால் இயலாது. ஆயினும், நல்ல மாற்று வரும்வரையில் அத்துண்டு பல உயிர்களைக் காக்கத் துணை நின்றது.

இவ்வரலாற்றிற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. மெர்லின் எஞ்சினை அமைத்தோர் அறியாமையால் கார்புரேட்டரைத் தேர்ந்தவர் அல்லர். நீர்மம் ஆவியாகும்போது சுற்றியுள்ள பொருளிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். மண்பானையில் வைத்த நீர் குளிர்வதும் இக்காரணம் பற்றியே. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உட்செல்லும் காற்று குளிர்கின்றது. குளிர்ந்த காற்று செறிவுடையது, ஆகவே, ஒரே கொள்ளளவில் அதிகமான காற்று உருளைக்குள் அடங்கும், ஆற்றலும் மிகும். காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறிக்கு முன்னரே பெட்ரோலைக் கலந்ததனால் மெர்லின் இப்பயனைப் பெற்றது. ஒவ்வொரு முறைக்கும் அதற்கேயுரிய நன்மை உண்டு என்பதை இதனால் அறிகிறோம்.

போர் முடிந்த பின்னர், வானில் கற்ற பாடம் தரைக்கு இறங்கி வந்தது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் 300 எஸ்.எல். என்னும் வண்டி 1954ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நகரில் காட்சிக்கு வந்தது. பறவை சிறகை விரித்தாற்போல் மேல்நோக்கித் திறக்கும் கதவுகளைக் கண்டு மக்கள் வியந்தனர். பொறியியல் வல்லுநரோ அதன் எஞ்சினைக் கண்டு வியந்தனர். மூன்று லிட்டர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் உடைய அவ்வெஞ்சினில், பம்பு ஒன்று ஒவ்வோர் உருளைக்குள்ளும் பெட்ரோலை நேராகப் பீச்சியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின், மூன்று கார்புரேட்டர்களுடன் 1952ஆம் ஆண்டுப் பந்தய வண்டியில் ஏறத்தாழ 170 குதிரைத்திறன் தந்தது. உட்பீச்சும் முறையோடு பிற திருத்தங்களும் சேர்ந்து, 300 எஸ்.எல். வண்டியில் அஃது 215 ஆக உயர்ந்தது. கார்புரேட்டர் இல்லாமையால் காற்றுக் குழாய்களைத் தாம் விரும்பிய நீளத்திலும் வடிவிலும் அமைத்துக்கொள்ளும் உரிமை பொறியாளருக்குக் கிட்டியது. அடுத்த ஆண்டு, 1955ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், அந்நிறுவனத்தின் 300 எஸ்.எல்.ஆர். என்னும் உட்பீச்சுப் பந்தய வண்டியில் ஸ்டர்லிங் மாஸ் என்னும் வீரர் இத்தாலியின் மில்லே மில்லியா பந்தயத்தில் வென்றார். பிரெஷ்ஷாவிலிருந்து ரோம் சென்று மீளும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தொலைவை அவர் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் கடந்தார்.

இதனால் கார்புரேட்டரின் காலம் முடிந்துவிட்டது என்று கருதுதல் தவறாகும். மேற்கூறிய 1952ஆம் ஆண்டு மெர்சிடிஸ் வண்டிகள் கார்புரேட்டரோடு ஓடியே லெ மான் என்னும் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் கைப்பற்றின. மேலும், 300 எஸ்.எல். வண்டியில் ஒரு விந்தையான குறை இருந்தது. பம்பு எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், சாவியைத் திருப்பி நிறுத்திய பின்னரும் எஞ்சின் சுழன்று ஓயும்வரை அது பெட்ரோலைப் பீச்சிக்கொண்டே இருந்தது. எரியாத அப்பெட்ரோல் உருளைச் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு அடியில் இறங்கி, எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது.

அமெரிக்க நாட்டில் நிகழ்ந்ததோ இன்னும் சிந்திக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டில் ஷெவர்லே நிறுவனம் தன் கார்வெட் வண்டியைப் பல வகை ஊட்டுமுறைகளோடு விற்றது. எஞ்சின் ஒன்றே, கொள்ளளவு 283 கன அங்குலம். இரண்டு பெரிய கார்புரேட்டர்கள் கொண்டது 270 குதிரைத்திறன் தந்தது. உட்பீச்சும் முறை கொண்டது 283 தந்தது. ஒரு கன அங்குலத்திற்கு ஒரு குதிரைத்திறன் என்று நிறுவனம் பெருமையோடு விளம்பரம் செய்தது. அக்கருவியிலும் உட்செல்லும் காற்றை அளந்தது வெஞ்சுரிக் குழலே என்பது கருதத்தக்கது. பதின்மூன்று குதிரைத்திறன் மிகுதிக்காகவும் நிலையான இயக்கத்திற்காகவும் வாங்குவோர் கொடுத்த விலை 484 டாலர். முழு வண்டியின் விலையில் அஃது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அவ்வாண்டில் விற்ற 6,339 கார்வெட் வண்டிகளுள் 1,040 மட்டுமே உட்பீச்சும் முறையைப் பெற்றிருந்தன. நுட்பமான அக்கருவியைப் பழுது பார்க்க அறிந்த மெக்கானிக்குகள் அரியர். பலர் அதனைக் கழற்றிவிட்டுப் பழைய கார்புரேட்டரையே பொருத்திக்கொண்டனர்.

இறுதியில் 1965ஆம் ஆண்டில், 327 கன அங்குல எஞ்சின் உட்பீச்சும் முறையோடு 375 குதிரைத்திறன் தந்து நின்றது. அதே ஆண்டில், 396 கன அங்குலப் பேரெஞ்சின் ஒன்று ஒரே கார்புரேட்டரோடு 425 குதிரைத்திறன் தந்தது. முன்னதற்குக் கூடுதல் விலை 538 டாலர்; பின்னதற்கு 293 டாலருக்கும் குறைவு. மலிவான விலையில் மிகுந்த ஆற்றல் கிட்டும்போது நுட்பத்தை நாடுவோர் யார்? அவ்வாண்டோடு கார்வெட் வண்டியில் அவ்வுட்பீச்சுக் கருவி நின்றுபோயிற்று. மேலான கருவி எனினும், அதன் விலையைத் தாங்குவோரும் அதைப் பேணுவோரும் இல்லாவிடில் அது நிலைபெறாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

தோல்விக்கு மற்றொரு காரணமும் உண்டு. அக்காலத்துப் பம்புகள் பெட்ரோலை வலிமையோடு பீச்சின; ஆனால் எவ்வளவு பீச்சவேண்டும் என்பதை நுட்பமாக அறியும் வாய்ப்பு அவற்றிற்குக் குறைவு. கைகள் வலுப்பெற்றன, கண்கள் இன்னும் திறக்கவில்லை. மலைப்பாதையில் ஏறும் வண்டியை எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவில் பைக்ஸ் பீக் என்னும் மலையில் 1916ஆம் ஆண்டில் தொடங்கிய பந்தயம் ஒன்று உண்டு. வண்டிகள் 2,862 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டு, 4,302 மீட்டர் உயரமுள்ள சிகரத்தை அடையவேண்டும். அச்சிகரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே. காற்று மெலிய மெலியக் கார்புரேட்டரின் கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும். அடிவாரத்திற்குப் பொருந்திய துளை சிகரத்திற்குப் பொருந்தாது. சிகரத்திற்குப் பொருந்தியது அடிவாரத்தில் எஞ்சினைப் பட்டினி போடும். ஓடும் வண்டியில் ஏறிக்கொண்டு துளையை மாற்றுவோர் யாருளர்?

இவ்வினாவிற்கு விடையளித்தது மின்னணுவியல். 1967ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு உட்பீச்சும் முறை வோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வெளிவந்தது. அதில் காற்றுக் குழாயின் அழுத்தம், எஞ்சினின் சுழல்விரைவு, வெப்பநிலை ஆகியவற்றைச் சிறு உணர்கருவிகள் அறிந்து கூறும். அவற்றைக் கொண்டு ஒரு மின்னணுப் பெட்டி பெட்ரோலின் அளவைக் கணக்கிடும். ஒவ்வோர் உருளையின் வாயிலிலும் உள்ள பீச்சுமுனை, ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும். பெட்ரோல் மிகவேண்டுமெனில் சற்று நீண்ட நேரம் திறக்கும். குறையவேண்டுமெனில் விரைவில் மூடும். கார்புரேட்டரில் துளையின் அகலம் செய்த பணியை இங்குக் காலத்தின் நீளம் செய்கின்றது. துளையை மாற்றவேண்டுமெனில் வண்டியை நிறுத்தவேண்டும். காலத்தையோ கணந்தோறும் மாற்றலாம்.

இம்முறையைப் பரப்பியது பந்தய ஆர்வம் அன்று. மக்கள் உயிர்க்கும் காற்றைப் பற்றிய கவலையே. மோட்டார் புகையால் அமெரிக்க நகரங்களின் காற்று நஞ்சாயிற்று. 1970ஆம் ஆண்டில் அந்நாடு தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. புகையிலுள்ள நச்சுப் பொருள்களை மாற்றும் வினையூக்கிக் கலம் ஒன்று கண்டறியப்பட்டது. ஆனால் மூவகை நச்சையும் ஒருங்கே அகற்றவேண்டுமாயின், கலவை 14.7 என்னும் அளவினின்று மிகச் சிறிதே விலகலாம். இத்துணை நுட்பத்தை எளிய கார்புரேட்டரால் நெடுநாள் காத்தல் அரிது. 1976ஆம் ஆண்டில் வோல்வோ வண்டியில் ஓர் ஆக்ஸிஜன் உணர்கருவி இடம்பெற்றது. அது புகைக்குழாயில் அமர்ந்து, எரிந்த பின் எஞ்சிய ஆக்ஸிஜனைக் கண்டு, கலவை சரியாக இருந்ததா என்பதை உடனுக்குடன் தெரிவிக்கும். உண்டபின் வயிற்றின் நிலையறிந்து அடுத்த உணவை அளவிடும் தாயைப்போல், அதன் சொற்கேட்டு மின்னணுப் பெட்டி அடுத்த பீச்சலைத் திருத்திக்கொள்ளும்.

அவ்வாறாயின், விரைவு ஒன்றையே நோக்கினால் எது வெல்லும்? இதற்கு நாஸ்கார் என்னும் அமெரிக்கப் பந்தய அமைப்பு சான்று தருகின்றது. அவ்வமைப்பு 1957ஆம் ஆண்டில் உட்பீச்சும் முறையைத் தடை செய்தது. அதன் தலைமைப் போட்டியின் வண்டிகள் 2011ஆம் ஆண்டு முடியக் கார்புரேட்டரோடு ஓடின. 2012ஆம் ஆண்டில் மின்னணு உட்பீச்சு முறைக்கு மாறியபோது, எஞ்சின்களின் உச்ச ஆற்றலில் பெரும் ஏற்றம் ஒன்றும் நிகழவில்லை. நீள்வட்டத் தளத்தில் பெரும்பாலும் முழு விரைவிலேயே ஓடும் வண்டிக்கு, நன்கு இசைவிக்கப்பட்ட கார்புரேட்டர் எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. அது தன் வாழ்நாள் முழுவதும் ஒரே நிலையில் பணியாற்றினால் போதும்.

ஆனால் சாலையில் செல்லும் விரைவு வண்டி ஒரே நிலையில் இயங்குவதில்லை. அது விடியற்குளிரில் புறப்படும், நண்பகல் வெயிலில் நெரிசலில் நிற்கும், மலையேறும், வளைவில் திரும்பும், ஒரு கணம் ஊர்ந்து மறுகணம் பாயும். இந்நிலைகள் அனைத்திலும் தக்க அளவை அளிக்க வல்லது மின்னணு உட்பீச்சு முறையே. அதனால் எஞ்சினை அமைப்போர் ஆபத்து நேருமோ என்று அஞ்சிப் பின்வாங்காமல், அதன் முழு வலிமையையும் வெளிக்கொணர முடிகின்றது. இன்று பல வண்டிகளில் பெட்ரோல் மீண்டும் உருளைக்குள்ளேயே நேராகப் பீச்சப்படுகின்றது. அங்கு அஃது ஆவியாகும்போது உருளையின் உட்புறமே குளிர்கின்றது. ஆகவே கலவையை இன்னும் மிகுதியாக அழுத்தி ஆற்றலைப் பெறலாம். மெர்லின் எஞ்சினுக்குக் கார்புரேட்டர் தந்த குளிர்ச்சி என்னும் பயனையும் உட்பீச்சும் முறை இவ்வாறு தனதாக்கிக்கொண்டது.

இம்மாற்றம் நம் தெருக்களையும் எட்டியுள்ளது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டிப் புதிய இருசக்கர வண்டிகளுள் பெரும்பாலானவை கார்புரேட்டரைக் கைவிட்டு உட்பீச்சும் முறையை மேற்கொண்டன. சென்னையில் உருவாகும் புல்லட் 350 மோட்டார் சைக்கிளும் அவ்வாண்டில் அவ்வாறே மாறியது. திருப்புளியோடும் செவிக்கூர்மையோடும் பணியாற்றிய மெக்கானிக்குகள் இன்று மின்னணுச் சோதனைக் கருவியையும் கையாளக் கற்கின்றனர். அவர்களது பழைய அறிவு வீண்போகவில்லை. கலவை செறிந்ததா, மெலிந்ததா என்பதை ஒலியாலும் மணத்தாலும் அறிந்தவர்க்கு, கருவி காட்டும் எண்ணின் பொருள் எளிதில் விளங்கும்.

கார்புரேட்டர் காற்றின் இயல்பை அறிந்து, அதன் ஆற்றலைக் கொண்டே பெட்ரோலை அளந்தது. உட்பீச்சும் முறை எஞ்சினின் நிலையை அறிந்து, அதற்கேற்ப அளக்கின்றது. முன்னதன் அறிவு ஒரு துளையில் அடங்கியது. பின்னதன் அறிவு கணந்தோறும் புதுப்பிக்கப்படுவது. வலிமையோடு பீச்சிய பழைய பம்புகளாலும் கார்புரேட்டரை முழுவதும் வெல்ல முடியவில்லை. அளந்தறியும் கண்ணைப் பெற்ற பின்னரே உட்பீச்சும் முறை நிலைபெற்றது. மிகுதியாக ஊட்டுவதால் எஞ்சின் விரைந்து ஓடுவதில்லை. வேண்டும் பொழுதில், வேண்டும் அளவில் ஊட்டுவதனாலேயே அது விரைந்து ஓடுகின்றது.